கணக்கு நோட்டு யார் கையில்?

ஒரு மாணவருக்கு 450 ரூபாய். ஐம்பது மாணவர்கள், ஏழு நாள், ஒரு கிராமம். மொத்தம் 22,500 ரூபாய். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்கு நீண்ட காலம் இருந்த கணக்கு இதுதான். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபத்து நாலு ரூபாய் சொச்சம் வரும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, போடியிலிருந்து போய்வர வண்டி, மண்வெட்டி வாடகை, சுண்ணாம்பு, மைக்செட், நிறைவு விழாவுக்கு வருகிறவர்களுக்குப் போர்த்தும் துண்டு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பிறகு தொகையை உயர்த்தினார்கள். அரிசி விலையும் உயர்ந்தது.

போடி என்று நாங்கள் சொல்லும் போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியில் நான் ஆசிரியர். பாடம் நடத்தியதோடு, பல ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். பணம் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. அதை முகாமில் சமைக்கிற அக்காவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பணத்தை யார் செலவழிப்பது, யாரிடம் கணக்குச் சொல்வது என்ற கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. இவ்வளவு காலம் கழித்தும் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மாணவர் சேவைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இந்தத் திட்டத்தை விட வயதில் மூத்தது. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளிப் படிப்பை முடித்து மேலே படிக்கப் போகும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசிய சேவை செய்ய வேண்டும் என்றது. செலவையும் நடத்துகிற சிரமத்தையும் கருதி அதை ஏற்கவில்லை. கே.ஜி. சையிதைன் மற்ற நாடுகளில் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, விருப்பமுள்ளவர்கள் செய்யட்டும் என்றார். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இன்று சுமார் 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். 2016 ஏப்ரல் வரை மத்திய அரசு ஏழு பங்கும் மாநில அரசு ஐந்து பங்குமாகச் செலவை ஏற்றன. அதன்பின் முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஒரு முகாமுக்கு வர வேண்டும். எழுத்தில் இவ்வளவுதான்.

நடைமுறையில் பணம் கல்லூரி முதல்வரும் திட்ட அலுவலரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்குக்கு வரும். திட்ட அலுவலர் எடுப்பார், வாங்குவார், ரசீதுகளை ஒட்டுவார், பயனீட்டுச் சான்றிதழ் எழுதி அனுப்புவார். மாணவர்கள் முள் வெட்டுவார்கள், வாய்க்கால் தூர்வாருவார்கள், ஊர்வலம் போவார்கள். தங்கள் பெயரில் வந்த பணம் எவ்வளவு, எதற்குப் போனது என்று கேட்டால் நூற்றில் ஒருவருக்கும் தெரியாது. பொதுப் பணத்தைத் தொட்டே பார்க்காத ஒருவரைக் குடிமைப் பயிற்சி பெற்றவர் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுக் கணக்கு புதிதும் இல்லை. தேனி மாவட்டத்தில் எந்த ஊரில் மாரியம்மன் பொங்கல் முடிந்தாலும் அடுத்த சில நாளில் சாவடியில் ஊர் கூடும். தலைக்கட்டு வரி இவ்வளவு வந்தது, பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார். வரி கொடுத்த எந்த வீட்டுக்காரரும் எழுந்து, “பந்தலுக்கு ஏம்ப்பா போன வருசத்தை விடக் கூட?” என்று கேட்கலாம். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மாணவர்கள் சின்ன வயதிலிருந்து அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அதையே முகாமுக்கும் செய்யலாம் என்று தோன்றியது.

வங்கியில் கையெழுத்துப் போடும் பொறுப்பு எங்களிடமேதான் இருந்தது. அதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வதையும் நோட்டு எழுதுவதையும் மட்டும் மாணவர்களிடம் கொடுத்தோம். ஐந்து பேர் கொண்ட கணக்குக் குழு. அதில் இரண்டு பேராவது பெண்கள். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைய வரவு செலவை ஐம்பது பேர் முன்னால் வாசிக்க வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் ஊர்க்காரர்கள் முன்னால், சாவடியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ, மொத்தக் கணக்கையும் வாசிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கலாம்.

கேட்டார்கள். மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர், “தம்பி, பேனருக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?” என்றார். மாணவர் தொகையைச் சொன்னார். “அந்தக் காசுக்கு எங்க பள்ளிக்கூடத்துக் குழாய் ரெண்டையும் மாத்தியிருக்கலாமேப்பா” என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் குழு சாக்குப்படுதாவில் கையால் எழுதிய பேனரோடுதான் முகாமுக்குப் போனது. குழாய்க்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கினார்கள். நான் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் இந்த மாற்றம் வந்திருக்காது.

நோட்டு மாணவர் கைக்குப் போனதும் ரசீதுப் பிரச்சினையும் அவர்களுடையதானது. போடி மார்க்கெட்டில் தக்காளி விற்கிற அம்மா பில் தரமாட்டார். ஜீப் டிரைவர் தரமாட்டார். மண்வெட்டி வாடகைக்குக் கொடுக்கிறவர் தருவது கச்சாச் சிட்டை, அதில் கடை பெயர்கூட இருக்காது. ஆனால் தணிக்கைக்கு வவுச்சர் வேண்டும், ஐயாயிரத்துக்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் சில பொருள்களுக்கு வேறு மாதிரி பில் கேட்டார்கள். ஒரு மாணவி தானே வவுச்சர் படிவம் தயாரித்து, அதில் தக்காளி அம்மாவின் கையெழுத்தை வாங்கிவந்தாள். “எதுக்குத் தாயி கையெழுத்து? எழுதி வாங்கிக் கடன் கிடன் ஏத்திர மாட்டீங்களே?” என்று அந்த அம்மா பயந்ததையும், கூடவே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டியபின் அவர் கையெழுத்துப் போட்டதையும் அன்றைய இரவுக் கணக்கிலேயே சொன்னாள். எழுத்தைக் கண்டு ஒரு ஏழைப் பெண் ஏன் பயப்படுகிறார் என்பதைப் பற்றி அன்றைக்கு நள்ளிரவு வரை பேசினார்கள்.

இந்த ஊரில் முகாம் நடத்துவதற்கு ஏலக்காயைப் புரிந்துகொள்ள வேண்டும். போடியைச் சுற்றியிருக்கும் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன் ஜீப்புகள் கிளம்பும். முந்தல் சோதனைச் சாவடி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தாம்பாறை என்று கேரளத் தோட்டங்களுக்குப் போகும். பெரும்பாலும் பெண்கள். ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை போகும். அது முடிந்தால் கவாத்து, களை, உரம். ஊரில் இருக்கும் பெண்களில் பலர் குடோன்களில் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். கல், தூசி, வெடித்த காய் நீக்கித் தரம் பிரிப்பார்கள். இங்கே ‘மலைக்குப் போறது’ என்றாலே தோட்ட வேலைக்குப் போவதுதான்.

அதனால் கல்லூரி நேரத்தில், காலை பத்து மணிக்கு, வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனால் கதவைத் திறப்பது கிழவிகளும் குழந்தைகளும். “பகல்ல வந்தா யாருப்பா இருப்பா? எல்லாம் மலைக்குப் போயிருக்கும்” என்பார்கள். அப்படி எடுத்த கணக்கில் ஊரே வேலையில்லாதவர்களின் ஊர் போலத் தெரியும். மாணவர்களே நேரத்தை மாற்றினார்கள்: பகலில் பள்ளி வளாகத்திலும் ஊருணிக் கரையிலும் உடல் உழைப்பு, ஜீப்புகள் திரும்பி, அடுப்பு எரிந்து அடங்கியபின் ஏழு மணிக்கு மேல் சந்திப்பு. இதற்குக் கூடுதலாக விளக்கு வேண்டும், ராத்திரி டீ வேண்டும், வீட்டுக்குத் திரும்ப வேண்டிய மாணவிகளுக்கு வண்டி வேண்டும். வெளியூரில் ஏழு ராத்திரி தங்க மகளை அனுப்பாத வீடுகள் நிறைய. அந்த வீடுகளைக் குறை சொல்வதை விட, தினமும் ஒரு வண்டிக்கு நிதி ஒதுக்குவது நல்லது என்பது என் கருத்து. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபின், பகல் நேர வேலைகளுக்கு மாணவிகள் வருவது கண்ணெதிரே கூடியது. மாணவர் சேவைக்கென்று யாரும் அறிவிக்காத நிதி உதவி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களில் பலர் அந்த ஜீப்புகளில் போகிறவர்களின் பிள்ளைகள். சிலர் தாங்களே சனி, ஞாயிறு மலைக்குப் போய்க் கூலி வாங்கித்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். ஒரு பையன், “சார், முகாமுக்கு வர்றேன். சனி ஞாயிறு மட்டும் விட்ருங்க, மலைக்குப் போகணும்” என்றான். பெருநகரத்து மாணவர் ஒரு வாரம் சேவைக்கு வந்தால் இழப்பது ஓய்வு நேரம். இவன் இழப்பது இரண்டு நாள் கூலி. அந்த இழப்பைத் திட்டத்தில் எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. மாணவர்கள் விவாதித்து, அவனுக்கு இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். ராத்திரி வீடு வீடாகச் சந்திக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். மலையிலிருந்து அவனோடு அதே ஜீப்பில் இறங்கியவர்கள்தான் அவன் கேட்ட கேள்விக்கு மனம்விட்டுப் பதில் சொன்னார்கள்.

அந்தப் பதில்களில் ஒன்று, விடியற்காலையில் ஜீப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் வெளிச்சம் இல்லை என்பது. நான்கரை மணிக்கே பெண்கள் வந்து இருட்டில் நிற்கிறார்கள். பாம்பு பயம், குடித்துவிட்டு வருகிறவர்கள் பயம். மாணவர்கள் ஊராட்சிக்கு மனு எழுதினார்கள், நிற்கிற பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள், விடாமல் போய்க் கேட்டார்கள். விளக்கு எரிந்தது. ஆன செலவு ஜெராக்ஸுக்கும் பஸ்ஸுக்கும் ஆன சில்லறைதான். நான் பார்த்த மாணவர் பணிகளில் அதை முதல் வரிசையில் வைப்பேன். ஆனால் அந்தச் சில்லறையும் மாணவர் பையிலிருந்து போகக் கூடாது. இத்தகைய வேலைக்கென்று கையில் ஒரு சிறு தொகை ஜூலையிலேயே இருக்க வேண்டும்.

பணம் கல்வியாண்டின் தொடக்கத்தில் வருவது அரிது. முகாம் தேதி வந்துவிடும், செமஸ்டர் தேர்வும் நெருங்கிவிடும். தொகை வழியில் இருக்கும். பல கல்லூரிகளில் திட்ட அலுவலர்கள் சம்பளத்திலிருந்து முன்பணம் போட்டு நடத்துகிறார்கள். அதைத் தியாகம் என்று மேடையில் பாராட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆசிரியர் போடுகிற முன்பணத்தில் நடக்கும் முகாமில் முடிவுகள் இயல்பாகவே ஆசிரியர் பக்கம் சாய்ந்துவிடும். மாணவர் எப்படிக் கேள்வி கேட்பார்?

வணிகர்களிடம் கேட்கலாம், கேட்டோம். போடி ஏலக்காய் வணிகத்தின் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கே ஒன்றும் இடுக்கியில் புத்தடியில் ஒன்றும் இருக்கின்றன. 2019-இல் ஏலத்தில் ஒரு கிலோ காய் ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட காலமும் உண்டு, ஆயிரத்துக்குக் கீழே விழுந்த காலமும் உண்டு. கொடுக்கும் மனம் இங்கே குறைவில்லை. ஏலத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரிலேயே ஊரில் ஒரு கல்லூரி நிற்கிறது. கடைக்காரர்கள் அரிசி மூட்டை தருவார்கள், எண்ணெய் டின் தருவார்கள், ரசீது வேண்டாம் என்பார்கள். மாணவர்கள் ரசீது கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். பொருளாக வந்ததை அன்றைய சந்தை விலை போட்டு வரவில் எழுதினார்கள். கிராமத்தில் விறகு தந்த வீடு, கறிவேப்பிலை தந்த வீடு, அவர்களும் அதே பட்டியலில், அதே அளவு எழுத்தில். ஒரு வணிகர் நல்ல தொகை தர முன்வந்து, தன் நிறுவனத்தின் பெயர் முகாம் பெயருக்கு மேலே வர வேண்டும் என்றார். கணக்குக் குழு கூடிப் பேசி நன்றி சொல்லி மறுத்துவிட்டது. எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அந்த வாரம் ஒரு வேளை சாம்பார் கொஞ்சம் தண்ணியாக இருந்ததையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை.

2018 மார்ச் 11 அன்று போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலையில் தீப்பிடித்தது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலையேற வந்தவர்கள் காய்ந்த போதைப்புல் சரிவில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மீட்க முதலில் ஓடியவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கித் தூக்கி வந்தார்கள். மறுநாள் வகுப்பில் எந்த மாணவரும் பாடம் கேட்கும் நிலையில் இல்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார்கள். விழிப்புணர்வு ஊர்வலம், மெழுகுவர்த்தி அஞ்சலி என்று யோசனைகள் வந்தன. முதலில் போய்க் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னார், மாணவர்களில் ஒருவர்தான்.

நிலைமை கொஞ்சம் அடங்கியபின் ஊருக்குள் போய்க் கேட்டார்கள். அங்கே இருந்தவர்கள் கூட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. மடக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டும், நல்ல டார்ச் வேண்டும், கயிறு வேண்டும் என்றார்கள். தீ எப்போதாவது வரும். ஆனால் சாலை இல்லாத மலைக் குடிகளிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணையும் காய்ச்சல் கண்ட கிழவரையும் டோலி கட்டி இறக்குவது எப்போதும் நடப்பது. எங்களிடம் இருந்த தொகையை அந்தச் சாமான்களுக்குச் செலவிட வழியில்லை. மாணவர்கள் தங்களுக்குள் வசூலித்தார்கள், கடைத்தெருவில் உண்டியல் ஏந்தினார்கள், ஒவ்வொரு நாளும் உண்டியலை இரண்டு வகுப்புப் பிரதிநிதிகள் முன்னிலையில் திறந்து எண்ணினார்கள். வாங்கிய சாமான் யார் பொறுப்பில் இருக்கும், பேட்டரியை யார் மாற்றுவது என்று ஊரோடு பேசி எழுதி வைத்தார்கள். அதன்பின் எந்தக் குழு திட்டம் கொண்டுவந்தாலும் ஒரு பக்கத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னோம். இதைக் கேட்டது யார்? எவ்வளவு ஆகும்? நாம் போனபிறகு பார்த்துக்கொள்வது யார்? மூன்றாவது கேள்வியில் முக்கால்வாசித் திட்டங்கள் விழுந்துவிடும். விழுவது நல்லதுதான்; மீதிக்குப் பணம் கிடைக்கும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் கிராமப் பணியைப் பெரிய அளவில் செய்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டியில், டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமம் இருக்கிறது. 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனமாகத் தொடங்கி 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது பாடத்தின் ஒரு பகுதி. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் உயர்கல்வி நிறுவனங்கள் தலா ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. தத்து என்ற எண்ணம் எனக்கு உவப்பானது இல்லை. ஊர் அநாதை இல்லை. நாம் போவதற்கு முன்பும் அது தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது.

பொதுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று மக்களே பேசி முடிவு செய்வதற்கு, எங்கள் மாணவர்களுக்கு நெருக்கமான உதாரணம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1996-இல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. எதற்குச் செலவழிக்கலாம் என்று கிராம சபைகளில் மக்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரம் அதற்கு முன்பே, 1989-இல், நகராட்சியின் வரவு செலவைத் தீர்மானிப்பதில் குடிமக்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பூப்பாறையில் காய் எடுக்கப் போகும் ஒரு மாணவனின் அம்மா, தோட்ட முதலாளி வீட்டில் கிராம சபை பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டுவந்து, நம்ம ஊர்ச் சபையில் ஏன் பொம்பளைங்க போறதில்லை என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அவன் அதை இரவுக் கூட்டத்தில் சொன்னான். பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சபை நடக்கும் நேரத்தில் அவர்கள் மலையில் இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் குடியரசு தினத்தன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. அன்று தோட்டங்கள் பலவற்றிலும் வேலை இருக்காது. முகாம் பணம் மட்டும் டிசம்பருக்குள் கையில் இருந்தால், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு முகாமைத் தொடங்கி, 26-ஆம் தேதி சபையிலேயே மாணவர்கள் கணக்கை வாசிக்கலாம். இப்போது பொறுப்பில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் சிலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். முகாம் கணக்கு ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பத்தியாக ஏறிவிட்டால், அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் அந்த ஊருக்குப் போய் இறங்கும்போது, “போன வருசக் கணக்குல மிச்சம்னு வாசிச்சீங்களேப்பா, அதை எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று கேட்க அங்கே ஆள் இருக்கும்.